ஒன்பது சிங்கங்களும் இரண்டு கோதைகளும்

ராஜபாளையத்தில் யார் செத்தாலும் பாண்டிசெல்வியின் கைக்கு ஒருமுறை வந்துவிட்டுத்தான் சுவருக்குப் போவார்கள். பழைய பேருந்து நிலையத்தை ஒட்டி ஜோயல் நடத்துகிற ஃப்ளெக்ஸ் கடையில் அவள்தான் டிசைனர். ஜோயலின் அப்பா காலத்தில் அது போட்டோ ஸ்டூடியோவாக இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தவள். இருபத்தோரு வருஷம் ஆகிவிட்டது. சடங்கு, காதுகுத்து, கடை திறப்பு என்று எல்லா வேலையும் செய்வாள். ஆனாலும் ஊரில் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான்.

செத்துப் போகிறவர்கள் யாரும் நல்ல போட்டோ எடுத்து வைத்துவிட்டுச் சாவதில்லை. ரேஷன் கார்டில் மங்கிப் போன முகத்தைக் கொண்டுவருவார்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் கல்யாணப் பந்தியில் வாய் நிறைய சோற்றோடு இருக்கிற முகம். பாண்டிசெல்வி அதிலிருந்து ஆளை மட்டும் கத்தரித்து எடுப்பாள். பாதி மூடிய கண்ணைத் திறந்து வைப்பாள். பாதி முகம் மறைந்திருந்தால் தெரிகிற பாதியைத் திருப்பிப் போட்டு மறுபாதி ஆக்கிவிடுவாள். முகத்தில் ஒரு தழும்பு, ஒரு பரு, ஒரு வெட்டுக்காயம் கண்ணில் பட்டுவிட்டால் அவள் கை சும்மா இருக்காது. யாரும் கேட்காமலே அழித்துவிடுவாள். அழித்த இடம் எது என்று அவளாலேயே பிறகு கண்டுபிடிக்க முடியாது, அப்படி ஒரு சுத்தம். போஸ்டர் வாங்க வருகிற பிள்ளைகள், எங்கப்பா இம்புட்டு அழகா இருந்தாரா என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்று அழுவார்கள்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். புருஷன் பாலகணேஷ் நூல் மில்லில் ஷிப்ட் பார்க்கிறான். வாய் அதிகம் பேசாத மனுஷன். மகள் கோதைக்குப் பதினைந்து வயது, பத்தாவது எழுதி முடித்திருக்கிறாள். ஒரே மகள்தானா என்று யாராவது கேட்டால் பாண்டிசெல்வி ஆமாம் என்பாள். பாலகணேஷ் ஒன்றும் சொல்ல மாட்டான்.

உண்மை என்னவென்றால் அந்த வீட்டில் கோதை என்று இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள்.

முதல் கோதை ஐந்தரை வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். 2008 ஐப்பசி. மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் பிள்ளை இல்லை. வெள்ளைக் கவுன் போட்டுத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் கான்சாபுரத்திலிருந்து வந்திருந்த சின்னம்மா சுடலைமாடத்தி விளக்குக் கரியைத் தொட்டு, பிள்ளையின் இடது குதிகாலில் ஒரு பொட்டு வைத்தாள். சின்னதில் போன பிள்ளைக்கு அவர்கள் பக்கம் அப்படி ஒரு பழக்கம். திரும்பி வந்தால் அடையாளம் தெரியட்டும் என்று வைப்பது. யாரும் அதை முழுசாக நம்புவதில்லை. வைக்காமல் விடுகிறவர்களும் இல்லை.

பதினோராம் மாதம் இன்னொரு பெண் பிறந்தது. மருத்துவமனையில் குழந்தையைத் துடைத்துக் கையில் கொடுத்ததும் பாண்டிசெல்வி முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, காலைத்தான் திருப்பிப் பார்த்தாள். இடது குதிகாலில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கறுப்பு மச்சம் இருந்தது. அழுதாள், சிரித்தாள். வந்துட்டா, வந்துட்டா என்று அன்று சொல்ல ஆரம்பித்தவள் பிறகு நிறுத்தவே இல்லை.

அதே பெயர் வைத்தாள். வேறு பெயர் வைக்கலாமே என்று பாலகணேஷ் ஒரே ஒருமுறை வாயைத் திறந்தான். ஒன்பது நாள் அவனோடு பேசவில்லை. பெட்டியில் மடித்து வைத்திருந்த கவுன்களெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. செத்த பிள்ளையின் படத்துக்கு மாலை போடவில்லை, ரேஷன் கார்டில் பெயரை நீக்கவும் இல்லை. அந்தப் பெயருக்கு ஆள் இருக்கிறதே. ஐப்பசி பிறந்து அந்த மூன்று நாள் வந்தால் மட்டும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு மடியில் வைத்திருப்பாள்.

அந்தப் பிள்ளையும் இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தது. தேரடியில் பூக்கட்டுகிற பெண்கள், போன எடத்துல சோறு போட்டாகளாடி என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். மூன்றாம் வகுப்பில் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையிடம், நான் ஏற்கெனவே ஒருதடவ செத்துப் போயிருக்கேன் என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு அன்று சாயங்காலம் காய்ச்சல். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்கள். பாண்டிசெல்வி போய்ப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறதை எல்லாம் பெரிதுபடுத்தாதீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தாள்.

இன்னொன்றும் நடந்தது. முதல் கோதை நாலு வயதில் ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் தொலைந்து போய் இரண்டு மணி நேரம் கழித்துக் கிடைத்தவள். இரண்டாவது கோதை ஏழு வயதில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கதையைத் தன் கதையாகச் சொன்னாள். வளையல் கடை பெஞ்சுக்கு அடியில உக்காந்திருந்தேம்மா, கடைக்காரர் கால்ல ஆறு வெரலு என்றாள். பாண்டிசெல்விக்குக் கை சோற்றில் அப்படியே நின்றது. பெஞ்சுக்கு அடியில் கிடைத்ததை மகளிடம் பாண்டிசெல்வி சொல்லியிருக்கிறாள், ஆனால் விரலை அவளே பார்த்ததில்லை. அடுத்த ஆடிப்பூரத்துக்கு அந்தக் கடையைத் தேடிப் போய்க் குனிந்து பார்த்தாள். ஆறு விரல் இருந்தது. இந்தப் பிள்ளையும் வருஷா வருஷம் அதே கடையில்தான் வளையல் போடுகிறது என்பதை அவள் யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமும் இல்லை. பயமா சந்தோஷமா என்று தெரியாமல் வீடு வந்து சேர்ந்தாள்.

போன மே மாதம் சங்கையா கடைக்கு வந்தார். அய்யனார் கோவில் ரோட்டில் மாந்தோப்புக்குள் வெள்ளை நாய் வளர்க்கிறவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், கடையில் தமிழ் பேசும்போதும் நடுநடுவே அவுனு அவுனு என்று தலையாட்டுவார். அவர் தோப்பில் எப்போதும் ஒரு ஆண் நாய்க்குச் சிங்கம் என்று பெயர் இருக்கும். ஒன்று செத்தால் அடுத்ததுக்கு அதே பெயர். பங்குனியில் செத்தது நாலாவது சிங்கம். அது போனதிலிருந்து ஆளே பாதியாகிவிட்டார்.

அவர் தம்பி மகள் வெங்கடேஸ்வரி கிருஷ்ணன்கோவில் இன்ஜினியரிங் காலேஜில் பயோடெக் படிக்கிறாள். அங்கே கண்காட்சியில் விலங்குகளைக் குளோனிங் செய்வது பற்றி ஒரு பத்தடி ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும். ஒரு நாயிலிருந்து அச்சு அசலாக இன்னும் எட்டு நாய் வந்து நிற்கிற மாதிரி படம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். எந்த நாயோ எதற்கு, நம்ம சிங்கத்தையே போடு என்று சங்கையா சொல்லிவிட்டார். அதோடு இன்னொரு வேலையும் கொண்டுவந்தார். சிங்கத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

பள்ளிக்கூடம் லீவு. கோதை வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று பாண்டிசெல்வி கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். ஏசி அறையில் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருப்பாள். போன் பார்ப்பாள், சலித்தால் திரையைப் பார்ப்பாள்.

முதலில் ஏஐயிடம் கேட்டுப் பார்த்தாள் பாண்டிசெல்வி. காது நிமிர்ந்த நாய்களைக் கொடுத்தது. அடுத்த தடவை மூக்கெல்லாம் கறுப்பு. ராஜபாளையத்து நாய்க்குக் கறுப்பு மூக்கு வைத்துக் கொண்டுபோனால் சங்கையா கடையைக் கொளுத்திவிடுவார். மூன்றாம் தடவை காது சரி, மூக்கு சிவப்பு, கண் தேன் நிறம், ஒரே ஒரு நாய்க்கு மட்டும் கால் ஐந்து. சரி, நம் கையே நமக்கு உதவி என்று சிங்கத்தின் போட்டோவை எடுத்து, பென் டூலால் மயிர் மயிராகச் சுற்றி வெட்டி, எட்டு நகல் எடுத்து வரிசையாக நிறுத்தினாள். நாய்களின் கால்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தை மட்டும் புல்தரையாக நிரப்பச் சொல்லி மெஷினிடம் விட்டாள். புல்லை நிரப்பியது. கடைசி இரண்டு நாய்களுக்கு நடுவே மட்டும், பின்னால் யாரோ நிற்கிற மாதிரி ஒரு வெள்ளைத் துணியின் ஓரத்தையும் வரைந்து வைத்திருந்தது. கவுன் ஓரம் என்று சொன்னாலும் சொல்லலாம். மெஷின் இப்படி எதையாவது செய்வது வழக்கம்தான். பாண்டிசெல்வி திரும்பி மகளைப் பார்த்துவிட்டு, அவள் பார்ப்பதற்குள் அதை அழித்தாள்.

ஒரே போட்டோவிலிருந்து வந்ததால் ஒன்பது நாயும் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தன. அறையில் எங்கே போய் நின்றாலும் ஒன்பதும் நம்மைத்தான் பார்க்கும். ஜோயல் காபி கொடுக்க வந்தவன், செத்த நேரம் அந்த விண்டோவ மினிமைஸ் பண்ணி வைங்கக்கா, தொண்டைல எறங்க மாட்டேங்குது என்றான்.

சங்கையா வந்து பார்த்தார். ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கே, உசிரே இல்லையே என்றார். பாண்டிசெல்வி ஒன்றுக்குக் காலை மாற்றினாள், ஒன்றுக்கு வாலைத் திருப்பினாள், ஒன்றின் தலையைச் சாய்த்தாள். மாற்றிய ஒவ்வொன்றையும் பார்த்து, இது சிங்கம் இல்லம்மா, இது வேற நாய் என்றார். மாற்றாவிட்டால் உயிர் இல்லை, மாற்றினால் சிங்கம் இல்லை. இந்தச் சங்கடம் பாண்டிசெல்விக்குப் புதிதில்லை.

மறுநாள் சங்கையா மறுபடி வந்தார், தம்பி மகள் போனில் ஒரு திருத்தம் சொல்லியிருந்தாள். சிங்கத்தின் வலது காதில் முள்கம்பி கிழித்த ஒரு வெட்டு உண்டு. ஒன்பது நாய்க்கும் அது இருந்தது. எட்டில் அதை எடுத்துவிட வேண்டுமாம். ஏன் என்று ஸ்டூலில் இருந்த கோதைதான் கேட்டாள்.

"காயம் பட்டது பட்டதோட போச்சும்மா. அது பொறப்புல வராது. புதுசா வாரதுக்குக் காது முழுசாத்தான் இருக்கும்" என்றார் சங்கையா.

அப்படியானால் பழசெல்லாம் அதற்கு ஞாபகம் இருக்குமா என்று கோதை கேட்டாள். சங்கையா யோசித்தார். ஞாபகம் எப்படிம்மா இருக்கும், நாமதான் மொதல்லருந்து பழக்கணும் என்றார். பேர் மட்டும் அதேதானே என்றாள். பேரு நம்ம வாய்க்குச் சுளுவா வாரதுக்கு வைக்கிறது என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். வெள்ளை நாய்களில் சிலது பிறவிச் செவிடாக இருக்கும். நாலாவது சிங்கமும் செவிடு. பதினோரு வருஷம் அவர் சிங்கம் சிங்கம் என்று கூப்பிட்டதில் ஒன்றுகூட அதன் காதில் விழுந்ததில்லை. தரையில் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தால்தான் திரும்பிப் பார்க்கும். அவன் பேரே அவனுக்குத் தெரியாம போயிட்டான் என்றார்.

"இந்த எட்டும் வந்துட்டா, செத்தது திரும்பி வந்த மாதிரிதான தாத்தா?"

"இல்லம்மா. அவன் மாமரத்தடியில கெடக்கான். எட்டு இல்ல, எம்பது வந்தாலும் அவன் அங்கதான் கெடப்பான்."

அவர் போன பிறகு பாண்டிசெல்வி நாயின் போஸ்டரைத் திறந்தாள். சிங்கத்தின் முகத்தைச் சுற்றி மாலை வைத்தாள், கீழே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. வயது பதினொன்று என்று அடித்தாள். பின்னால் ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது.

"எம்மா, அக்காவுக்கும் ஒண்ணு போடு."

அந்தக் குடும்பத்தில் அக்கா என்கிற சொல்லை யாரும் அதுவரை சொன்னதில்லை. எந்த அக்கா என்று கேட்டாள் பாண்டிசெல்வி.

"செத்துப் போன அக்கா. நாய்க்குக்கூடப் போடுற. அவளுக்கு ஒரு மாலை இல்ல, ஒரு படம் இல்ல. நான் ஒருதடவகூடச் சாகலம்மா. செத்தது அவ. எனக்கு அவளத் தெரியவே தெரியாது."

"ஏட்டி, வாயக் கழுவு" என்றாள் பாண்டிசெல்வி.

அவள் பயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் கடையில் ஒரு தப்பு நடந்தது. செத்துப் போன அண்ணன் படத்துக்குப் பதில் உயிரோடிருக்கிற தம்பி படம் போஸ்டரில் ஏறிவிட்டது. ஆலங்குளம் வரைக்கும் ஒட்டிவிட்டார்கள். அந்தத் தம்பி மூன்று மாதம் வாசல்படி இறங்கவில்லை. ஆள் இளைத்து எலும்பாகிவிட்டார். உயிரோடு இருக்கிற முகத்துக்கு மாலை போட்டால் என்ன ஆகும் என்று பாண்டிசெல்வி கண்ணால் பார்த்தவள். அவள் வீட்டிலோ இரண்டு பேருக்கும் ஒரே முகம். முதல் பிள்ளைக்குப் போடுகிற மாலை இரண்டாம் பிள்ளை கழுத்திலும் விழும். இருப்பதும் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் அவள் முடியாது என்றாள்.

கோதை சண்டை போடவில்லை. அன்றிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதை நிறுத்திவிட்டாள். கோபமாகவும் இல்லை, முறைப்பும் இல்லை. கூப்பிடுவது காதில் விழாத மாதிரி இருந்தாள். சாப்பிட வாட்டி கோதை என்றால் அசைய மாட்டாள். பாலகணேஷ் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய், சாப்பிடும்மா என்றால் சாப்பிடுவாள். ஆறு நாள் இப்படியே போனது. ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொடியில் காய்ந்த துணியை எடுக்கச் சொல்லி நாலைந்து தடவை கூப்பிட்டாள் பாண்டிசெல்வி. பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றது. வெயில் பட்டு உடம்பெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. பாண்டிசெல்வி என்ன நினைத்தாளோ, காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தாள்.

கோதை திரும்பிப் பார்த்தாள்.

பாண்டிசெல்வி தன் கால் செய்த காரியத்தை நம்ப முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, நாளைக்குக் கடைக்கு வா, போடுவோம் என்றாள்.

போடுவோம் என்று சொல்லிவிட்டாள், எந்தப் படத்தைப் போடுவது? கடைக் கம்ப்யூட்டரில் கோதை என்று ஒரே ஒரு ஃபோல்டர். ஆயிரத்துச் சொச்சம் படங்கள், இரண்டு பிள்ளைகளும் கலந்து. அவளுக்கு அது ஒரே பிள்ளைதானே, எதற்கு இரண்டு ஃபோல்டர்? 2016இல் ஹார்ட் டிஸ்க் போய், மதுரையில் கொடுத்து மீட்டு வந்ததில் எல்லாப் படத்துக்கும் ஒரே தேதி விழுந்துவிட்டது. ஐந்தரை வயதுக்கு மேற்பட்டதையெல்லாம் தள்ளினாள். மீதி அறுநூறு வந்தது. அதே கவுன்கள், அதே வீடு, அதே முகம். குதிகால் ஒரு படத்திலும் தெரியவில்லை.

அவளுக்கு ஒரு வழி இருந்தது, அதை நம்பித்தான் உட்கார்ந்தாள். இரண்டாவது கோதை நாலு வயதில் அம்மி மேல் விழுந்து தாடையில் மூன்று தையல் போட்டவள். இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. நாலு வயதுக்கு மேல் தழும்பு இருக்கிற படமெல்லாம் இவள், இல்லாத படமெல்லாம் அவள். காயம் பிறப்பில் வராது என்று சங்கையா சொன்னது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து தாடையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பத்துப் படத்தில் தழும்பு இல்லை. ஐம்பதிலும் இல்லை. நூற்றுச் சொச்சத்திலும் ஒரு தழும்பு இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டில் எடுத்த படங்களைக் கடைக்குக் கொண்டுவந்து ஏற்றும்போதெல்லாம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கை சும்மா இருக்காமல் அவளே அழித்திருக்கிறாள். பக்கத்துத் தோலை எடுத்துத் தழும்பின் மேல் ஒட்டுவதற்கு ஒரு கருவி உண்டு. அதற்கு குளோன் ஸ்டாம்ப் என்று பெயர். இருபத்தோரு வருஷம் அவள் விரலில் ஒட்டிக் கிடந்த கருவி அது. பிள்ளை பட்ட காயத்தை, பிள்ளை அழுத அழுகையை, அவளுக்கென்று இருந்த ஒரே அடையாளத்தை, படத்துக்குப் படம் பெற்றவளே துடைத்து வைத்திருக்கிறாள். அழித்த இடம் எங்கே என்று இருநூறு சதவீதம் பெரிதாக்கியும் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

"இது நானாம்மா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் கோதை.

"தெரியல."

"இது?"

"தெரியலட்டி" என்று சொல்லிவிட்டுப் பாண்டிசெல்வி முகத்தை மூடிக்கொண்டாள். பதினைந்து வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜோயல் நல்லவன், மனசு கேட்கவில்லை. நாற்பது ஐம்பது படத்தைச் சேர்த்து ஏஐயில போட்டு, புதுசா ஒரு முகம் எடுத்துருவோம்க்கா, யாரோட படமாவும் இருக்காது, யாருக்கும் தோஷமும் இல்ல என்றான். அவனே போட்டும் கொடுத்தான். அரை நிமிஷத்தில் ஒரு பிள்ளை திரைக்கு வந்தது. ஐந்து வயது, வெள்ளைக் கவுன், எண்ணெய் வைத்து வாரிய தலை. கண்ணும் மூக்கும் வாயும் கோதைதான், ஒரு குறை சொல்ல முடியாது. அது மூன்று பேரையும் பார்த்துச் சிரித்தது. யாரும் பெற்று வளர்க்காத, எந்தக் காய்ச்சலும் அண்டாத, எப்போதும் சாகாத மூன்றாவது கோதை. பாண்டிசெல்வி ஒரு நிமிஷம் அதை ஆசையாகத்தான் பார்த்தாள். அதுதான் கொடுமை. அம்மாவின் முகத்தைப் பார்த்த கோதை, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி டெலிட்டைத் தட்டினாள்.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தானே மௌஸைப் பிடித்து ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். இருபது, முப்பது போயிருக்கும். ஒரு படத்தில் நின்றாள். பாலகணேஷ் எடுத்தது. தேரடியில் பாண்டிசெல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது.

"இதுதான் அக்கா" என்றாள் கோதை.

"எப்படிட்டி சொல்ற? ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே."

"இதுல நீ சிரிக்கிற."

பாண்டிசெல்வி பிள்ளையை விட்டுவிட்டுத் தன் முகத்தைப் பார்த்தாள். படத்தில் இருந்தவள் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த படத்தைத் திறந்தாள். அதே தேரடி, அதே இடுப்பு, அதே கவுன். இதில் இருந்தவள் கேமராவைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், எதையோ தொலைத்துவிட்டு அங்கே தேடுகிறவள் மாதிரி. இன்னொன்றைத் திறந்தாள், இன்னொன்றையும். ஆளைத் தேடி எத்தனையோ தடவை பார்த்த படங்கள்தான். தன்னை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

சாயங்காலம் வரை உட்கார்ந்து, தான் இருக்கிற படங்களையெல்லாம் இரண்டாகப் பிரித்தாள். ஒரு ஃபோல்டரில் நாற்பத்தாறு படம் சேர்ந்தது. இன்னொன்றில் இருநூற்றுக்கு மேல் இருந்தது, ஒன்றிலும் அவள் சிரிக்கவில்லை. கோதை எல்லாவற்றையும் பார்த்தாள்.

பிறகு வேலையை ஆரம்பித்தாள். மற்றவர்களுக்குச் செய்வது போலவே செய்தாள். தேரடிப் படத்தைப் பெரிதாக்கி, நெற்றியில் தொடங்கி, தலைமுடி, காது, தோள், கவுன் என்று பிள்ளையைச் சுற்றி வெட்டி எடுத்தாள். கன்னத்தில் ஒரு கொசுக்கடி சிவந்திருந்தது. கை அங்கே போயிற்று, நிறுத்திக்கொண்டாள். பிள்ளையைப் புதுப் பக்கத்துக்கு நகர்த்தி மாலை வைத்தாள். கோதை, தோற்றம், மறைவு என்று அடித்தாள். அடித்து முடிக்கும்வரை அழவில்லை.

பழைய பக்கம் பின்னால் திறந்தபடி இருந்தது. பிள்ளையை எடுத்த இடத்தில் அவள் உருவத்துக்கு ஒரு வெள்ளை ஓட்டை. அதைச் சுற்றி, எதையுமே தூக்காத கையை வளைத்து வைத்துக்கொண்டு ஒருத்தி வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. மிச்சத்தை யார் வைத்திருப்பார்கள் என்று பாண்டிசெல்வி அதை அழிக்கப் போனாள்.

கோதை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அத அழிச்சிராதம்மா" என்றாள். "அது எனக்கு வேணும்."